தெரிந்தே ஒரு தப்பு வார்த்தை

"கடைசி நாலு எழுத்து ஐ, ஜி, எச், டி. கிடைச்சாச்சு. முதல் எழுத்து மட்டும்தான் பாக்கி" என்று கைபேசியைப் பார்த்தபடியே கணவன் சமையலறைக்குள் வந்தபோது, அவள் சாப்பாட்டு டப்பாவின் மூடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னங்க, நான் ஒண்ணு கேட்டேன்."

"இரு. முதல் வார்த்தை வீணாப் போச்சு. அப்புறம் ரைட் போட்டேன், ஆர் மட்டும் இல்ல. லைட் போட்டேன், இல்ல. ஃபைட்டும் இல்ல. இன்னும் ரெண்டே சான்ஸ்."

தினமும் காலையில் இதே கூத்துதான். ஐந்தெழுத்து ஆங்கில வார்த்தை ஒன்று கைபேசிக்குள் ஒளிந்துகொள்ளும். ஆறு தடவைக்குள் பிடிக்க வேண்டும். எழுத்து சரியான இடத்தில் இருந்தால் கட்டம் பச்சையாகும், இடம் மாறியிருந்தால் மஞ்சள், இல்லவே இல்லையென்றால் சாம்பல். இவனுக்கும் இவன் தங்கைக்கும் போட்டி. தங்கை எப்போதோ முடித்துவிட்டு ஸ்பீக்கரில் காத்திருந்தாள்.

"அண்ணா, அண்ணிகிட்ட கேட்டா ஆட்டம் செல்லாது!"

"யாரும் கேக்கல. நீ உன் வேலையைப் பாரு."

அவள் கேட்டது வேறு. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதித்து லென்ஸ் எழுதிக் கொடுப்பவள் அவள். வெளியூரில் திறக்கப்போகும் கிளைக்கு அவளே பொறுப்பாக வேண்டும் என்றாள் முதலாளியம்மா. அங்கேயே தங்க வேண்டும், வாரக் கடைசியில் வீட்டுக்கு வரலாம். இன்று கடை திறப்பதற்குள் பதில் வராவிட்டால், இடம் வேறொருத்திக்குப் போய்விடும்.

விஷயத்தைச் சொன்ன அன்று "பாக்கலாம்" என்றான். அதற்குப் பிறகு வாயில் கொழுக்கட்டைதான். சம்பளம் தன்னைவிடக் கூடிவிடுமே என்று உறுத்துகிறதா? கேட்டாள். "சேச்சே" என்றான். தனியாகச் சமைத்துக்கொள்ள வேண்டுமே என்றா? "எனக்கென்ன கை இல்லையா?" மாமியார் ஏதாவது சொல்வார் என்றா? "அம்மாவை ஏன் இழுக்கறே?" அப்படியானால் போகட்டுமா? "பாக்கலாம்." வேண்டாமா? "நான் வேண்டாம்னு சொன்னேனா?" படுத்தால் தூக்கமில்லை. தான் போக ஆசைப்படுவதே தப்போ என்றுகூட ஒரு நாள் தோன்றிவிட்டது. அந்த நினைப்புதான் அவளுக்கு எல்லாவற்றையும்விட எரிச்சலாக இருந்தது.

கடையிலும் இப்படிப்பட்டவர்கள் வருவார்கள். ஒரு லென்ஸைப் போட்டு, மாற்றி இன்னொன்றைப் போட்டு, "இது தெளிவா இருக்கா, இதுவா?" என்று கேட்டால், நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "ரெண்டும் ஒண்ணுதான்" என்பார்கள். அவர்களிடமாவது சிரித்துக்கொண்டு மறுபடி கேட்கலாம். அதற்குச் சம்பளம் உண்டு.

"நைட்டா இருக்குமோ?" என்றான் கணவன்.

அவள் டப்பாவை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள். "மைட், நைட், சைட், டைட், எயிட். அஞ்சும் வரும். ஒண்ணொண்ணா போட்டா தோத்துடுவீங்க. மைன்ஸ்னு போடுங்க."

"மைன்ஸா?"

"சுரங்கம். எம், என், ஈ, எஸ் நாலும் அதுல இருக்கு. எதுக்கு நிறம் வருதோ அதுதான் முதல் எழுத்து. எதுக்கும் வரலைன்னா டி. அடுத்த தடவை கண்ணை மூடிக்கிட்டு போடலாம்."

அவன் அவளை ஒரு மாதிரி பார்த்தான். "அது விடை இல்லைன்னு இப்பவே தெரியுதே. தெரிஞ்சே யாராவது தப்பு வார்த்தையைப் போடுவாங்களா?"

"அண்ணி, அவன் ஒயர் ஒயரா தொட்டுப் பார்த்து லிஃப்ட் ரிப்பேர் பண்றவன். அவன்கிட்ட போய் சொல்றீங்களே!" என்று ஸ்பீக்கர் சிரித்தது. அவன் தங்கையின் அழைப்பைத் துண்டித்தான். 'நைட்' போட்டான். முதல் கட்டம் சாம்பலானது.

"போச்சு. இன்னும் ஒண்ணுதான்."

அவன் நகத்தைக் கடித்தான். அவளுக்கோ எங்கேயாவது போய் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. இவனைச் சொல்லி என்ன? இத்தனை நாளும் தானும் அதையேதானே செய்துகொண்டிருக்கிறோம்? இதுவா, அதுவா என்று இவன் மனதில் இருப்பதை ஒவ்வொன்றாக ஊகித்து, ஒவ்வொரு தடவையும் சாம்பலைப் பார்த்துக்கொண்டு.

டப்பாவை மறுபடி எடுத்து ஓங்கி அழுத்தினாள். மூடி 'டக்'கென்று உட்கார்ந்தது.

"நேத்தே சரின்னு சொல்லிட்டேன்" என்றாள்.

அப்படி அவள் சொல்லியிருக்கவில்லை.

அவன் நிமிர்ந்தான். முகம் சுருங்கும் என்று காத்திருந்தாள். குரல் உயரும் என்று நினைத்தாள். அவனோ நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, பெரிய மூட்டையை இறக்கிவைத்தவன் மாதிரி மூச்சுவிட்டான்.

"அப்பாடா! சொல்லிட்டியா?"

"என்ன அப்பாடா?"

"நான் போன்னு சொல்லி, அங்க உனக்கு ஒத்துவரலைன்னா? உங்க பேச்சைக் கேட்டுத்தானே போனேன்னுவே. போகாதேன்னு சொன்னா, உங்களாலதான் கெட்டுதுன்னு ஆயுசுக்கும் சொல்லிக்காட்டுவே. நீயே முடிவு பண்ணிட்டியா, நல்லதாப் போச்சு."

இதற்காகவா? சம்பளமும் இல்லை, சமையலும் இல்லை, மாமியாரும் இல்லை. தப்பாகிவிடுமோ என்று வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறான்! இந்த மனிதனின் மௌனத்தில் எத்தனை ஆழம் தேடியிருக்கிறாள். கால் வைத்துப் பார்த்தால் கணுக்கால் அளவு தண்ணீர்.

"இதை முதல் நாளே சொல்லித் தொலைக்கறதுக்கென்ன?"

"பாக்கலாம்னு சொன்னேனே!"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சற்றுப் பலமாகவே சாத்தினாள். மாடிப்படி இறங்கும்போதே முதலாளியம்மாவை அழைத்தாள்.

"நான் போறேம்மா."

"வீட்டுல கேட்டியா? என்ன சொன்னார்?"

"அப்பாடான்னார்" என்றாள். மறுமுனையில் சிரிப்புச் சத்தம். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஆனால் கால் இரண்டிரண்டு படியாகத் தாண்டியது.

பஸ் நிறுத்தத்தில் நிற்கும்போது கைபேசி அதிர்ந்தது. கணவன்தான். சாப்பாட்டு டப்பாவை மறந்துவிட்டாய் என்று எழுதியிருப்பானோ என்று பார்த்தாள். மறந்திருந்தாள்தான். ஆனால் அவன் எழுதியிருந்தது அதுவல்ல.

"கடைசி சான்ஸ். மைட்டா, சைட்டா? சீக்கிரம் சொல்லு."

பஸ் வந்துகொண்டிருந்தது. ஒரு கையால் கம்பியைப் பிடித்து ஏறிக்கொண்டே, மறு கையின் கட்டைவிரலால் பதில் எழுதினாள்.

"ரெண்டும் ஒண்ணுதான்."