பெரியவள் மென்ற பாதாம்

பெரியவள் எதை மென்றாலும் சின்னவள் நாக்கில் அது ருசித்தது. சின்னவள் தின்றால் பெரியவளுக்கும் அப்படியே. உலர்பழ மண்டிக்காரரின் பெண்கள் இருவருக்கும் இது பிறவியிலேயே அமைந்தது. தெருவில் யாரும் பெரிதுபடுத்தவில்லை. மண்டிக்காரருக்கு வசதியாகக்கூடப் போயிற்று. மூட்டை பிரித்ததும் உள்ளே ஒருத்தி மெல்லுவாள், தராசுக்குப் பக்கத்தில் நிற்கிற இன்னொருத்தி வியாபாரிக்கு ருசி சொல்வாள். நீளப் பாதாம் பார்க்கத்தான் ராஜா; மொறுமொறுப்பு அடங்கினால் வாயில் ஒன்றும் மிஞ்சாது. குட்டைப் பாதாம் தோலில் லேசாகக் கசந்துவிட்டு வாசனையாக நெடுநேரம் தங்கும். விரலால் நசுக்கினாலே ஓடு உடைகிற ரகத்தில் பால் மணம் தூக்கல். படகுபோல் வளைந்த மம்ராவோ எண்ணெய்ப் பசையோடு மெல்ல மெல்ல இனிக்கும். பெரியவளுக்கு அதில்தான் உயிர்.

அந்தப் பெரியவள் ஒரு மழைக்காலத்தில் கடிகாரம் பழுதுபார்க்கிறவனோடு கப்பலேறிப் போய்விட்டாள். அவள் பேச்சையே எடுக்கக் கூடாது என்றார் மண்டிக்காரர். ஆனால் மத்தியானமானால் தராசுத் தட்டைத் துடைத்துக்கொண்டே, யாரையோ கேட்பதுபோல், "வாயில என்ன ருசி?" என்பார். சின்னவளும் முகம் பார்க்காமலே சொல்வாள். புதுசில் எல்லாம் நீளப் பாதாம்தான். பிறகு குட்டை. அப்புறம் ஒருநாள், "காறல் அடிக்குதுப்பா. பழைய சரக்கு" என்றாள். அன்று அவர் சாப்பாட்டில் கை வைக்கவில்லை. இப்படியே அவருக்கு நரைத்தது. பெண் பார்க்க வந்தவர்கள் எதிரில் வெறும் வாயைச் சப்புக் கொட்டியதில் சின்னவளுக்கு ஓரிரு சம்பந்தமும் தட்டிப்போயிற்று.

பிறகு ஒரு கோடையில் சில நாள் சின்னவள் நாக்கில் கஷாயம் கசந்தது. அதற்குப் பின் எதுவுமே இல்லை, சோறில்லை, உப்பில்லை. சின்னவள் இரவெல்லாம் நாக்கை மேலண்ணத்தில் தடவிப் பார்த்தாள். "ஒண்ணும் தெரியலப்பா" என்று அவள் அழுத அன்று மண்டிக்காரர் இருந்ததிலேயே உசத்தியான மம்ரா மூட்டையைப் பிரித்து, ஒரு பருப்பைத் தன் கையாலேயே அவள் வாயில் வைத்தார். "மெதுவா மெல்லு. அவ அவசரப்பட்டுத் தின்ன மாட்டா." 'அவ' என்ற சொல் அந்தக் கடையில் அத்தனை வருஷம் கழித்து அன்றுதான் வந்தது.

கடையில் வியாபாரம் ஒரு பக்கம், ஊட்டல் ஒரு பக்கம். மூட்டை பாதியாகி, அதிலும் பாதியானது. ஒருநாள் காலை கல் பொறுக்கிக்கொண்டிருந்த சின்னவள் கையை நிறுத்தினாள்.

"புளிக்குதுப்பா. பிஞ்சு. உள்ள பருப்பு இன்னும் தண்ணியா இருக்கு."

மண்டிக்காரர் பக்கத்து மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். பச்சைப் பிஞ்சு எந்த மண்டிக்கும் வராது.

"மரத்துலேருந்து பறிச்சிருக்கா. எழுந்து நடமாடுறா" என்றார்.

ஊட்டுவதை மட்டும் அவர் விடவில்லை. ஒவ்வொரு புது மூட்டையிலும் முதல் கைப்பிடி சின்னவளுக்குத்தான் போனது. அவள் பெருத்துக்கொண்டே வந்தாள். எடையைப் பார்த்த வைத்தியர் பருப்பைக் குறைக்கச் சொன்னார். மண்டிக்காரர் விஷயத்தை விளக்கினார். வைத்தியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, ரெண்டு பேருக்கு அது சரியான எடைதான் என்று சொல்லி அனுப்பினார்.