யாரும் தொடாத மூன்று நாள்

எழுபத்திரண்டு மணி நேரத்தில் இன்னும் நாற்பது நிமிடம்தான் பாக்கி. அம்ருதாவால் உட்காரவும் முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை.

துவாக்குடிச் சாலையில் இருந்த அந்தக் கட்டடத்தில் ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் ஓடியது. கொதிகலன் குழாயில் நீராவி எப்படிப் பாயும், எங்கே விரிசல் விடும் என்று தொழிற்சாலைகளுக்குக் கணக்குப் போடுவது அதன் வேலை. கணக்குப் போடத் தின்னும் கரண்டுக்குச் சமமாக அதைக் குளிர வைக்கவும் செலவானது. அதனால் ஏசியை நிறுத்திவிட்டு, சூடு ஏறினால் மட்டும் விசிறிகள் வேகமெடுக்கும்படி அம்ருதா புரோகிராம் எழுதினாள். இரண்டு வருட உழைப்பு. மூன்று நாள் யாரும் குளிர்சாதன அமைப்பைத் தொடாமல் ஓடினால் ஏற்றுக்கொள்வார்கள். இல்லையென்றால் பழைய ஏசிதான்.

திரையில் மின்செலவு என்றுமில்லாத அளவுக்கு இறங்கியது. நிர்வாகி ராஜகோபாலனுக்கு முகமெல்லாம் பல். அம்ருதாவோ திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கணக்கு முழுவீச்சில் ஓடும்போது விசிறி ஏன் தூங்குகிறது?

எலெக்ட்ரீஷியன் தங்கையனை அழைத்துக்கொண்டு மெஷின் அறைக்கு ஓடினாள். திரை இருபத்திரண்டு டிகிரி என்றது. அலமாரிகளின் பின்னாலோ அடுப்படி அனல்.

அங்கே சூட்டை அளக்கும் கட்டைவிரல் அளவு சென்சாரின் மேல் கொழகொழவென்று சந்தனம், நடுவில் குங்குமம். ஈரச் சந்தனம் சென்சாரைக் குளிர வைத்திருந்தது. அதை நம்பிய புரோகிராம் விசிறியைக் குறைத்துவிட்டது.

அன்று ஆயுத பூஜை. பொரியும் சுண்டலும் உள்ளே வரக்கூடாது என்று காலையில் எல்லோரையும் விரட்டியவள் அம்ருதா. அலமாரி அலமாரியாகப் பொட்டு வைத்தவளும் அவளே. பொட்டு வைப்பதைத் தொடுவதாக அந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை, படித்த அவளுக்கும்தான். மடத்தனம் என்றால் இதுதான்.

துப்பட்டா முனையால் துடைத்தாள். ஒரு நிமிடத்தில் விசிறிகள் சீறின.

"யாரும் பாக்கலைங்க மேடம். பேசாம இருங்க," என்றார் தங்கையன்.

பேசாமல்தான் இருந்தாள். கெடு முடிந்ததும் ராஜகோபாலன் சான்றிதழும் பேனாவுமாக வந்தார். இதே முறையை இன்னும் நாலு ஊரில் வைக்கப்போகிறார்களாம். சொல்லும்போதே அவருக்குப் பெருமை தாங்கவில்லை. விதிமுறைப்படி கேட்டுவிட வேண்டுமே என்று, தங்கையனிடம் யாராவது எதையாவது தொட்டார்களா என்று கேட்டார்.

"யாரும் தொடலைங்க சார்."

நாலு ஊர். அங்கேயும் ஆயுத பூஜை வரும். ஒரு பொட்டுக்கு ஏமாறும் புரோகிராமை நம்பி அங்கேயும் மெஷின்கள் வேகும். அம்ருதாவால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை.

"நான் தொட்டேன் சார். காலையில பொட்டு வெச்சதும் நான்தான், இப்பத் துடைச்சதும் நான்தான்."

ராஜகோபாலன் பேனாவை மூடினார். ஆனால் அவர் பார்வை அவள்மேல் இல்லை. ஒப்பந்தக் கூலியான தங்கையனின் மேல் போய் நின்றது. உண்மையைச் சொன்னால் தன் தலைதான் உருளும் என்று நினைத்திருந்தாள். தனக்காகப் பொய் சொன்னவரை ஒரு நொடியில் பொய்யனாக நிறுத்திவிட்டோமே என்று அப்போதுதான் உறைத்தது.

தங்கையன் தலையைக் குனிந்துகொண்டார்.

"அவர் மாட்டேன்னுதான் சொன்னார் சார்," என்றாள் அம்ருதா. "யாரும் தொடலைன்னு சொல்லச் சொல்லி நான்தான் கட்டாயப்படுத்தினேன்."

அன்று அவள் சொன்ன ஒரே பொய் அதுதான்.