வெர்லினின் முறை

வெர்லின் டே ஸ்லாவால் முடியாத வேலை என்று அமெரிக்காவின் அயோவா மாநிலத்து வடமேற்கு மூலையில் யாரும் ஒன்றைச் சொல்லிவிட முடியாது. வயிற்றுக்குள் குறுக்கே கிடக்கும் கன்றைத் தோள்வரை கைவிட்டுத் திருப்பி எடுப்பார். பனியில் உறைந்துபோன டிராக்டரை வைதுகொண்டே கிளப்பிவிடுவார். தொழுவத்தில் நிற்கும் நூற்றிருபது மாடுகளையும் காதிலுள்ள எண்ணைப் பார்க்காமல், மடியைப் பார்த்தே இன்னது என்று சொல்வார். முடியாதது ஒன்றே ஒன்றுதான். நாலு பேர் முன்னால் வாய்விட்டு ஜெபம் செய்ய அவருக்கு வராது.

நாற்பத்தாறு வயசு ஆண்பிள்ளைக்கு இதென்ன கூச்சம் என்று சிரிப்பீர்கள். ஞாயிறு இருவேளையும் ஆலயத்துக்குப் போகிறவர்தான், வேதாகமத்தில் பாதி மனப்பாடம். ஆனால் கண்ணை மூடிக் "கர்த்தாவே" என்று ஆரம்பித்தால் அடுத்த சொல் தொண்டையைத் தாண்டாது. வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் அவருடைய அப்பா காலத்திலிருந்தே எல்லோரும் மனசுக்குள்தான் ஜெபிப்பார்கள், அதனால் அங்கே தப்பித்தார். சபையில் தப்பிக்கச் சபையே வழி செய்து வைத்திருந்தது. வட்டமாக நின்று கைகோத்து ஒவ்வொருவராக ஜெபிக்கும்போது, வாய்திறக்க விருப்பமில்லாதவர் வலது பக்கத்தில் இருப்பவரின் கையை ஓர் அழுத்து அழுத்தினால் போதும், முறை அவருக்குப் போய்விடும். கூச்சப்படும் சிறுபிள்ளைகளுக்காக எந்தப் புண்ணியவானோ செய்த ஏற்பாடு. வெர்லின் அதை முப்பது வருஷமாக அனுபவித்து வந்தார். கல்யாணம் ஆனதிலிருந்து வலது பக்கத்தில் எப்போதும் மனைவி ஜோலீன் நிற்பாள். கை அழுந்தியதும் இரண்டு பேருக்கும் சேர்த்து அவளே ஜெபித்துவிடுவாள். சபையில் வெர்லினுக்கு ஆழமான மனுஷர் என்று பெயர். வாயைத் திறக்காமல் இருந்தால் எத்தனை சௌகரியம் பாருங்கள்!

கடைசியில் அந்தப் பெயரே வினையாக வந்தது. சபையார் அவரை மூப்பராகத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். மூப்பர் என்றால் நோயாளியின் கட்டிலருகே நின்று ஜெபிக்க வேண்டும். அங்கே போய் நோயாளியின் கையை அழுத்தி, இனி உன் முறை என்றா நிற்க முடியும்? இரண்டு வாரத்துக்குள் பதில் சொல்லச் சொன்னார் போதகர் ஹாவர்மன். மாடுகளை விட்டு வர நேரமில்லை என்று சொல்லிவிடுவதாக வெர்லின் முடிவு செய்திருந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம், அந்தக் கதைதான். உள்ளுக்குள் அவருக்கு ஆசை இருந்தது. அவருடைய அப்பா சாகக் கிடந்த நாளில், ஒரு மூப்பர் கொட்டுகிற பனியில் பதினைந்து மைல் வந்து, அப்பாவின் கையைப் பிடித்து ஜெபித்துவிட்டுப் போனார். அதன்பிறகுதான் அப்பா கண்மூடித் தூங்கினார். தானும் ஒருவருக்கு அப்படிச் செய்ய வேண்டும் என்று வெர்லின் நினைத்ததுண்டு. அதை ஜோலீனிடம்கூட அவர் சொன்னதில்லை.

இந்தக் குழப்பத்துக்கு நடுவில்தான் வாலிபர் குழுவின் சிகாகோ ஊழியப் பயணம் வந்தது. பத்துப் பிள்ளைகள், கூட்டிப்போக, எப்போதும் கிட்டாரும் கையுமாகத் திரியும் ட்ரெவர் என்ற வாலிபர் தலைவர். வேன் ஓட்ட ஆள் வேண்டும் என்றதும் ஜோலீன் புருஷன் பெயரைக் கொடுத்துவிட்டாள்.

"நான் போனா மாட்டை யாரு பாக்கறது?" என்றார் வெர்லின்.

"மாடு ஒண்ணும் உங்களைத் தேடி அழாது. நானும் என் தம்பியும் இருக்கோம். மரிஸாவும்தான் போறா, அவளோட ஒரு வாரம் இருந்துட்டு வாங்க."

மரிஸா அவர்களுடைய ஒரே மகள், பதினாறு வயசு. அப்பாவின் உயரம், அம்மாவின் வாய்.

சிகாகோவின் மேற்குப் பகுதியில் ஒரு கறுப்பின மக்களின் சபை அவர்களுக்கு இடம் கொடுத்தது. ஆலயத்தின் நிலவறையில் தரையில் படுக்கை, ஜூலை மாதப் புழுக்கம், பன்னிரண்டு பேருக்கும் ஒரே மாதிரி ஆரஞ்சு நிறச் சட்டை. திங்கட்கிழமை காலை ட்ரெவர் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகத் தெருவுக்கு அனுப்பினார். போகிற வருகிறவர்களிடம், "உங்களுக்காக ஜெபிக்கலாமா?" என்று கேட்க வேண்டும். அந்தத் தெருவில் முக்குக்கு முக்கு ஆலயம் இருப்பதை அவர் கவனித்ததாகத் தெரியவில்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போன கதையாயிற்று. ஒரு மணி நேரத்தில் எல்லோரும் திரும்பி வந்துவிட்டார்கள்.

"என்னாச்சு?" என்றார் வேனுக்குக் காவலாக நின்ற வெர்லின்.

"முடிவெட்டற கடையில கேட்டோம்பா," என்றாள் மரிஸா. "எனக்கு எதுக்கும்மா, நீங்கதான் ஊரு விட்டு ஊரு வந்திருக்கீங்கன்னு சொல்லி, கடையை நிறுத்திட்டு எல்லாருமா எங்க தலைமேல கைய வெச்சிட்டாங்க. பாதி முடி வெட்டினவர்கூட எந்திரிச்சு வந்து ஜெபம் பண்ணினாரு. பத்து நிமிஷம்!"

"பஸ் ஸ்டாப்ல நின்ன அம்மா எங்களைப் பாட்டே பாட வெச்சிட்டாங்க," என்றான் இன்னொருவன்.

ஆகவே செவ்வாய்க்கிழமை முதல் அத்தனை பேரும் சமையலறைக்கு வந்து சேர்ந்தார்கள். அந்தச் சபையில் கோடை முழுக்க அக்கம்பக்கத்தாருக்கு மதியச் சாப்பாடு உண்டு. எண்பது பேர் வருவார்கள். சமையலறை ஒடெஸா என்ற பெண்மணியின் ராஜ்ஜியம். எல்லோரும் அவரை சிஸ்டர் ஒடெஸா என்பார்கள். வெர்லின் வயசுதான் இருக்கும். வருஷம் முழுக்க நகரப் பேருந்து ஓட்டுகிறவர், கோடையில் எடுக்கிற லீவை இந்தச் சமையலுக்கே வைத்திருந்தார். அயோவாப் பிள்ளைகள் தங்கள் ஊர் வழக்கப்படி, பச்சை ஜெல்லிக்குள் துருவிய காரட்டைப் போட்டு ஒரு சாலட் செய்து வைத்தார்கள். ஒடெஸா அதைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"கண்ணுங்களா, இது சாப்பிடறதா, தரை தொடைக்கிறதா?"

"சாலட், சிஸ்டர்."

"கர்த்தாவே, இந்தப் பிள்ளைங்க அறியாம செய்யறாங்க, இவங்களை மன்னியும்," என்று சொல்லி அதைக் குளிர்பெட்டியின் ஆகக் கீழ்த்தட்டில் வைத்தார். அவர் எப்போதும் அப்படித்தான். பீன்ஸைக் கிளறியபடியே கடவுளோடு பேசுவார். அடுப்பு அணைந்தால் அதற்கும் ஒரு வார்த்தை. பக்கத்து வீட்டுக்காரரோடு வேலியோரம் நின்று பேசுவது போல இருந்தது வெர்லினுக்கு.

அந்த நான்கு நாட்களும் அவர் உண்மையிலேயே சந்தோஷமாக இருந்தார். மூட்டை மூட்டையாக உருளைக்கிழங்கு உரித்தார், அண்டா தூக்கினார், பனியில் பேருந்து வழுக்கினால் என்ன செய்வது என்று ஒடெஸாவோடு தர்க்கம் செய்தார். சமையல் முடிகிற நேரத்தில், கதவு திறப்பதற்கு முன்னால், இங்கேயும் வட்டமாகக் கைகோத்து ஜெபிக்கும் வழக்கம் இருந்தது. வெர்லின் தினமும் வலது பக்கத்தில் மரிஸாவை நிறுத்திக்கொண்டார். கை அழுந்தியதும் அவள் அம்மாவைப் போலவே எடுத்துக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை கடைசி நாள். அன்று அண்டாவை இறக்கி வைத்துவிட்டு வெர்லின் திரும்பியபோது வட்டம் கூடிவிட்டது. மரிஸா அவருடைய இடது கையைப் பிடித்தாள். வலது கையை ஒடெஸா பிடித்தார். இடம் மாற நேரமில்லை. ஜெபம் தொடங்கிச் சுற்றி வந்தது. மரிஸா இரண்டு வரியில் முடித்து ஆமென் சொன்னாள். வெர்லின் வழக்கப்படி ஒடெஸாவின் கையை அழுத்தினார்.

ஒடெஸா அன்பாகத் திருப்பி அழுத்தினார்.

வெர்லினுக்கு வேர்த்தது. இன்னும் பலமாக அழுத்தினார். ஒடெஸாவும் இன்னும் பலமாக அழுத்தினார். தினம் பத்து மணி நேரம் ஸ்டியரிங் பிடிக்கிற கை அது, சும்மா இருக்குமா? மூன்றாவது தடவை இரண்டு பேருக்கும் விரல் வெளுத்தது. யாரும் வாய் திறக்கவில்லை.

அவருடைய ஊரில் இத்தனை நேரம் மௌனமாக இருந்தால் யாராவது இருமுவார்கள், பிறகு போதகர் தானே ஜெபித்து முடித்துவிடுவார். இங்கே வேறு மாதிரி ஆயிற்று. பாத்திரம் கழுவும் லெமுவேல் "ம்ம்ம்" என்று மெல்ல ராகம் போட்டார். அதோடு இன்னும் இரண்டு மூன்று குரல்கள் சேர்ந்தன.

"நிதானமா, பிரதர். நிதானமா."

"அவருக்கு ஒத்தாசை பண்ணும், ஆண்டவரே!"

ஆவியானவர் இறங்கி இந்த மனுஷருக்குத் தொண்டை அடைத்துவிட்டது என்று அவர்கள் நினைத்தார்கள். தொண்டை அடைத்தது நிஜம்தான். காரணம்தான் வேறு. ஆனாலும் வெர்லினுக்கு வாழ்நாளில் முதல் தடவையாக, அந்த மௌனத்தில் தான் தனியாக நிற்கவில்லை என்று தோன்றியது.

"கர்த்தாவே," என்றார்.

"சொல்லுங்க!"

"எனக்கு... ஜெபம் பண்ண வராது."

"வருது, வருது!" என்றார் லெமுவேல்.

"முப்பது வருஷமா பக்கத்துல இருக்கறவங்க கையை அமுக்கி அமுக்கியே தப்பிச்சிட்டிருக்கேன்."

"ஆமென்!" என்று எல்லோரும் சொன்னார்கள். சிகாகோக்காரர்களுக்கு விளங்கவில்லை, மரிஸாவுக்கு விளங்கியது. அவள் தோள் குலுங்குவது வெர்லினின் கைக்குத் தெரிந்தது.

"இந்தச் சமையல்கட்டுக்கு நன்றி. இந்த வாரத்துக்கு நன்றி. இவ்வளவு உருளைக்கிழங்கை உரிப்பேன்னு நான் நினைக்கல."

"நன்றி ஆண்டவரே!"

"ஜோலீனுக்கு நன்றி." இங்கே குரல் கொஞ்சம் ஆடியது. யாரோ "ஆமா, ஆமா" என்று தாங்கிப் பிடித்தார்கள். "பத்தொம்பது வருஷமா என் பங்கையும் அவதான் ஜெபிச்சா. ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்ல. எங்கப்பா போன அன்னிக்கு நான் தொழுவத்துல போய் அழுதப்போ, ஒரு வார்த்தை கேக்காம பக்கத்து மாட்டுக்கிட்ட உக்காந்து பால் கறந்தா. நான் அழுது முடிக்கிற வரைக்கும் கறந்துட்டே இருந்தா. அதுக்கு நான் அவளுக்கு நன்றி சொன்னதில்ல. உமக்கும் சொன்னதில்ல. இப்ப சொல்றேன்."

"அல்லேலூயா," என்றார் ஒடெஸா, மெதுவாக.

நனைந்த பிறகு முக்காடு எதற்கு? வெர்லின் நிறுத்தவில்லை. மகளுக்காக ஜெபித்தார். சோளக்காட்டுக்கு மழை கேட்டார். கால் நொண்டுகிற எழுபத்தெட்டாம் நம்பர் மாட்டுக்காகக் கேட்டார். ட்ரெவர் கிட்டாரை இன்னும் கொஞ்சம் நன்றாக வாசிக்க வேண்டும் என்றும் கேட்டார். ஒவ்வொன்றுக்கும் ஆமென் வந்தது. முப்பது வருஷத்துப் பாக்கி அல்லவா, லேசில் தீருமா?

கடைசியில் ஒடெஸா அவர் காதருகே குனிந்தார். "பிரதர், கீரை அடிப்பிடிக்குது. ஆமென் போடுங்க."

எண்பது பேருக்கும் பரிமாறி முடித்த பிறகு ஒடெஸா கேட்டார்: "ஆமா, என் கையை எதுக்கு அந்த அமுக்கு அமுக்கினீங்க? பாவம், ஏதோ பெரிய கஷ்டம்போலன்னு நானும் திருப்பி அமுக்கினேன்."

வெர்லின் விஷயத்தைச் சொன்னார். ஒடெஸா மேஜையைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். "அப்ப நான் மட்டும் அதைத் தெரிஞ்சு வெச்சிருந்தா, உங்களுக்கும் சேர்த்து நானே ஜெபிச்சிருப்பேனே!"

மரிஸா அப்பாவின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "நீங்க ஜெபம் பண்ணி நான் கேட்டதே இல்லப்பா."

"எப்படி இருந்துச்சு?"

"ரொம்ப நீளம்," என்றாள். பிறகு அவர் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். "அம்மாவுக்குப் போன் பண்ணுங்க."

வெர்லின் தெருவுக்கு வந்து வேனில் சாய்ந்து நின்று ஜோலீனை அழைத்தார்.

"என்னங்க, இந்த நேரத்துல? யாருக்காவது உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் இல்ல. இன்னிக்கு நான் ஜெபம் பண்ணினேன். சத்தமா."

"யார் முன்னால?"

"எல்லார் முன்னாலயும். உன்னைப் பத்திச் சொன்னேன்."

"என்ன சொன்னீங்க?"

மனைவியின் முகத்துக்கு நேரே நன்றி சொல்லிப் பழக்கமில்லாத மனுஷர். என்ன செய்வார்? நடுத்தெருவில் கண்ணை மூடிக்கொண்டு, "கர்த்தாவே, ஜோலீனுக்கு நன்றி" என்று ஆரம்பித்து, தொழுவத்தில் பால் கறந்தது வரை எல்லாவற்றையும் திரும்பச் சொன்னார். இந்தத் தடவை நடுவில் தாங்கிப் பிடிக்க யாரும் இல்லை. இருந்தும் முடித்தார். ஜோலீன் அழுவது கேட்டது. சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அவருக்குத் தெரிந்தது. அவருக்கும் சந்தோஷமாக இருந்தது.

"மூப்பர் வேலைக்குச் சரின்னு சொல்லலாம்னு பாக்கறேன்," என்றார். "நீ போதகர்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடறியா?"

"மாட்டேன்," என்றாள் ஜோலீன், மூக்கை உறிஞ்சியபடி. "அதை நீங்களே சொல்லுங்க." போனை வைத்துவிட்டாள்.

வெர்லின் போதகரை அழைத்தார். அவர் பேச ஆரம்பிக்கவும், தலைக்கு மேலே இரும்புப் பாலத்தில் ரயில் வரவும் சரியாக இருந்தது.

"என்ன வெர்லின்? காதுல விழல!"

"சரின்னு சொன்னேன்! மூப்பரா இருக்கச் சம்மதம்னு சொன்னேன்!"

"ஆகா, நல்லது! கேளுங்க, நம்ம சபை ஆர்லோவை நேத்து ஆஸ்பத்திரியில சேர்த்திருக்காங்க. பக்கவாதம். மனுஷன் ரொம்ப பயந்து கிடக்காரு. நீங்க திரும்பினதும் போய்ப் பாக்கணும். முதல் தடவை, நான் வேணும்னா கூட வர்றேன், நானே ஜெபம் பண்ணிடறேன்."

"வேண்டாம் பாஸ்டர்! நான் தனியாவே போறேன்! நானே ஜெபம் பண்றேன்!"

பஸ் ஸ்டாப்பில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரயில் எப்போதோ போயிருந்தது. வெர்லின்தான் இன்னும் அதே சத்தத்தில் பேசிக்கொண்டிருந்தார்.