கெம்பம்மாவுக்கு ஜோடி

பாகலூர் ரோட்டில் டயர் கடைக்கு மேலே இருக்கும் மொட்டை மாடியில், ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்குப் பெண்களுக்குத் தற்காப்புப் பயிற்சி நடக்கும். அங்கே வரும் பதினான்கு பேரில் மூத்தவள் கெம்பம்மா. வயது நாற்பத்தொன்பது. கம்பெனி கேன்டீனில் சப்பாத்தி தேய்க்கிறாள், ஒரு நாளைக்கு அறுநூறு. தனக்காக அவள் வரவில்லை, மருமகள் மோகனப்ரியாவுக்குத் துணையாகத்தான் வந்தாள்.

ஒரு நாள் சாயங்காலம் மோகனா கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கி நடந்து வரும்போது, பைக்கில் வந்த ஒருவன் அவள் கையைப் பிடித்து இழுத்தான். சிரித்துக்கொண்டே விட்டுவிட்டுப் போனான். வீட்டுக்கு வந்து அழுதபோது அவன் இழுத்ததைவிட வேறொன்றுதான் அவளுக்குப் பெரிதாக இருந்தது. "கத்தக்கூட வரலீங்க அத்தை. கல்லு மாதிரி நின்னுட்டேன்."

மகன் தினேஷ்குமார் விசாரித்து இந்த வகுப்பைக் கண்டுபிடித்தான். தனியாகப் போகக் கூச்சமாக இருக்கிறது என்று மோகனா இழுத்தாள். "வா, நானும் வந்து ஓரமா நிக்கறேன்" என்றாள் கெம்பம்மா.

ஆனால் மாஸ்டர் சம்பங்கி அவளை ஓரமாக நிற்க விடவில்லை. முப்பது வயதுக்காரி. மற்ற நாட்களில் ஒரு ஃபேக்டரியில் குவாலிட்டி செக்கிங் வேலை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் மாஸ்டர். "இங்க யாரும் சும்மா நிக்கக் கூடாதும்மா" என்று கெம்பம்மா கையில் கிளவுஸை மாட்டிவிட்டு, தான் குத்து வாங்கும் ஒரு தோல் பேடைப் பிடித்துக்கொண்டாள். கெம்பம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு ஒரு குத்து விட்டாள். சம்பங்கி இரண்டடி பின்னால் போய் நின்றாள். மாடியே கைதட்டியது.

அன்றிலிருந்து ஞாயிறு எப்போது வரும் என்று கெம்பம்மா காத்திருக்க ஆரம்பித்தாள். அடுத்த மாதமே மருமகளைப் போல ட்ராக் பேண்ட் வாங்கிக்கொண்டாள். அதன்மேல் தினேஷின் பழைய சட்டை.

பேடைக் குத்தக் குத்த அவளுக்கு ஒரு ஆசை வந்தது. எதிரெதிரே நின்று நிஜமாக அடித்துத் தடுத்துப் பழகும் ஸ்பாரிங் என்ற ஒன்றை, வகுப்பில் பழையவர்கள் ஆறு பேர் மட்டும் செய்தார்கள். "எங்களை எப்ப மாஸ்டரம்மா ஜோடி உடுவீங்க?" என்று வாராவாரம் கேட்டாள்.

"மூணு மாசம் ஆகட்டும்மா. எல்லாருக்கும் அதான் ரூல்."

"என் குத்தைப் பாத்தீங்கல்ல?"

"பேடு திருப்பி அடிக்காதும்மா" என்று சம்பங்கி சிரித்தாள்.

மூன்று மாதமும் முடிந்தது. அந்த ஞாயிறு வரும்போது மோகனா ஓட்டிய வண்டியின் பின்சீட்டிலேயே கெம்பம்மா கையைச் சுழற்றிக்கொண்டு வந்தாள். உயரமும் எடையும் பார்த்து, சம்பங்கி அவளுக்கு மோகனாவையே ஜோடி போட்டாள். "மாமியா மருமக சண்டை, எல்லாரும் வந்து பாருங்க" என்று யாரோ சொல்ல, எல்லோரும் சுற்றி நின்றார்கள். கெம்பம்மாவும் சிரித்துக்கொண்டுதான் நின்றாள்.

மோகனா வலது கையை ஓங்கினாள்.

அவ்வளவுதான். கெம்பம்மாவின் கண்கள் இறுக மூடிக்கொண்டன. இரண்டு கையாலும் தலையை மறைத்துக்கொண்டு அப்படியே குந்திவிட்டாள். "பேடா, பேடா" என்று வாய் முனகியது. வேண்டாம், வேண்டாம் என்று. வீட்டில் அவள் பேசுவது தமிழ்தான். பிறந்த ஊரான அஞ்செட்டிப் பக்கத்துக் கன்னடம் பயந்தால்தான் வரும்.

மோகனாவின் கை அவளைத் தொடவே இல்லை.

மோகனா கிளவுஸைக் கழற்றி எறிந்துவிட்டு அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கெம்பம்மாவுக்கு யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்க வெட்கமாக இருந்தது. வீட்டுக்குப் போகலாம் என்றாள்.

வழியில், ராயக்கோட்டை ரோடு சிக்னலில் வண்டி நின்றபோது பின்னாலிருந்து பேசினாள். "உங்க மாமா நல்லவருதான். குடிச்சா மட்டும் கை நீளும். பதினேழு வருசம். அவரு போயும் ஆறு வருசமாச்சு, கண்ணுக்கு மட்டும் அது தெரியல பாரு. கை ஓங்குனா தானா மூடிக்குது."

வீட்டுக் கூடத்தில் மாலை போட்டு மாட்டியிருந்த மாமனாரைத்தான் மோகனாவுக்குத் தெரியும். பச்சை விழுந்தது. பின்னால் ஹார்ன் அடித்தார்கள். அவள் ஒரு கையைப் பின்னால் நீட்டி அத்தையின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு, ஒரு கையாலேயே வண்டியை ஓரம் கட்டினாள்.

"இனி நான் வரலம்மா. நீ போ" என்றாள் கெம்பம்மா.

மோகனா மறுநாள் காலை, ஷிப்ட் பஸ்ஸுக்கு இன்னும் கால் மணி நேரம் இருக்கும்போது சமையலறைக்கு வந்து எதிரில் நின்றாள். "அத்தை, நான் உங்க தோளைத் தொடப் போறேன். மெதுவா. நீங்க பாத்துக்கிட்டு மட்டும் இருங்க."

"பைத்தியமா உனக்கு? குக்கர் வெச்சிருக்கேன்."

"விசில் வர்றதுக்குள்ள முடிஞ்சிரும்."

தண்ணீருக்குள் அசைவது போல அவள் கை வந்தது. பாதி வழியிலேயே கெம்பம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கை அங்கேயே நின்றது. கண் திறக்கும்வரை காத்திருந்துவிட்டு, மறுபடி வந்தது. தோளில் பூ விழுந்தது போலப் பட்டது.

தினமும் இதுதான். ஒரு நாள் ஐந்து முறை, ஒரு நாள் இருபது. இருவரும் என்ன செய்கிறார்கள் என்று புரியாமல், பல் துலக்கிக்கொண்டே தினேஷ் வாசலில் நின்று பார்த்துவிட்டுப் போவான். மூன்றாவது வாரம் கை கொஞ்சம் வேகமாக வந்தது. கெம்பம்மா இமைத்தாள், ஆனால் மூடவில்லை. அதுமட்டுமல்ல, மாவு ஒட்டியிருந்த தன் கையால் அந்தக் கையைத் தட்டிவிட்டாள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். குக்கர் ஏழு விசில் விட்டு, அன்று பருப்பு குழைந்துபோனது.

அடுத்த ஞாயிறு கெம்பம்மா மாடி ஏறியபோது சம்பங்கி ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டாள். அவளிடம் மோகனா எல்லாவற்றையும் சொல்லியிருந்தாள்.

"தப்பு என்மேலம்மா. மூணு மாசம்னு காலண்டரைப் பாத்தேன், ஆளைப் பாக்கல. பேடையே குத்திக்கிட்டிருந்தா அடி எப்படி வரும்னு கண்ணுக்கு எப்பத் தெரியும்? உங்க மருமக செஞ்சாளே, மெதுவா தொடறது, அதை முதல் வாரமே எல்லாருக்கும் ஆரம்பிச்சிருக்கணும். வேகம் அப்புறம். அது ஒருத்தருக்கு ரெண்டு மாசம், ஒருத்தருக்கு ஒரு வருசம். நிறுத்துன்னு சொன்னா எதிராளி நிறுத்துவான்னு நம்பிக்கை வரணும், அதுக்கப்புறம்தான்."

அன்றிலிருந்து புதிதாக வருபவர்கள் முதல் நாளே ஜோடி சேர்ந்து, ஆமை வேகத்தில் தோளைத் தொட்டுப் பழகினார்கள். கெம்பம்மாவும் அவர்களோடு நின்று முதலிலிருந்து தொடங்கினாள். அவளுக்கு ஐந்து மாதம் பிடித்தது. இடையில் இரண்டு முறை கண் மூடிக்கொண்டது. ஒரு முறை அழுதாள். மோகனா ஒவ்வொரு தடவையும் கையை அந்தரத்திலேயே நிறுத்திக்கொண்டு காத்திருந்தாள்.

தை மாதம் ஒரு ஞாயிறு. பனி விலகவில்லை. வாயில் பல்காப்பு, கையில் கிளவுஸோடு இருவரும் சுற்றி வந்தார்கள். மோகனாவின் வலது கை நல்ல வேகத்தில் வந்தது. கெம்பம்மா அது வருவதைப் பார்த்தாள், முழுதாக, தோளிலிருந்து கிளம்பியது முதல். இடது கையால் ஒதுக்கினாள். அவளை அறியாமலே வலது கை போனது.

அறுநூறு சப்பாத்தி தேய்க்கும் கை. மோகனாவின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது.

"அய்யோ என் கண்ணே!" கெம்பம்மா பல்காப்பைத் துப்பிவிட்டுப் பாய்ந்தாள். மோகனா பேச முடியாமல் கையை ஆட்டினாள். பார்த்தால் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். "பாத்துட்டே அடிச்சீங்க அத்தை! கண்ணைத் தொறந்துட்டே அடிச்சீங்க!" ரத்தம் சொட்டச் சொட்ட அத்தையைக் கட்டிக்கொண்டாள். சம்பங்கி பஞ்சோடு ஓடிவந்தாள். எலும்புக்கு ஒன்றுமில்லை.

அழைத்துப்போக வந்த தினேஷ், மூக்கில் பஞ்சு வைத்திருந்த மனைவியைப் பார்த்துப் பதறினான். "யாரு அடிச்சது?"

"உங்க அம்மா" என்றாள் மோகனா பெருமையாக.

தினேஷ் அம்மாவைப் பார்த்தான். சட்டையெல்லாம் மருமகளின் ரத்தம், கண்ணில் தண்ணீர், முகத்தில் ஒரு புதுக் களை. அந்த வீட்டில் சிறு வயதில் அவன் பார்த்ததெல்லாம் அவனுக்குத் தெரியும். அம்மாவின் கிளவுஸை ஒவ்வொன்றாகக் கழற்றிவிட்டான்.

மத்தியானம் மருமகளுக்கு வலிக்காமல் இருக்கட்டும் என்று கெம்பம்மா ரசம் சோற்றைக் குழையப் பிசைந்து எடுத்து வந்தாள். ஊட்டிவிட்டுக்கொண்டே திட்டவும் செய்தாள். "இடது கையைக் கீழ உட்டுட்டு நின்னா மூக்குல விழாம என்ன பண்ணும்? அடுத்த வாரம் கையைத் தாடைகிட்ட வெச்சுக்க. நான் மெதுவால்லாம் அடிக்க மாட்டேன்."

மோகனா வாயைத் திறந்து இன்னொரு உருண்டை வாங்கிக்கொண்டாள்.