பார்த்ததும் கண்டதும்

யேசுரட்ணம் கையெழுத்து வைக்கப் பேனாவைத் திறந்தபோது கைபேசி அதிர்ந்தது. "வையாதேங்கோ. வெளியில வந்து கதையுங்கோ" என்று மனைவி நிரோஷினி எழுதியிருந்தாள். எழுதுநர் ஆங்கிலத்தில் அடித்திருந்த தன் வாக்குமூலத்தை அவன்தான் படம் பிடித்து அவளுக்கு அனுப்பியிருந்தான். உப்புவெளி விடுதியொன்றின் வரவேற்பு மேசையில் வேலை செய்பவளுக்கு ஆங்கிலம் தண்ணீர் பட்ட பாடு.

அவன் கப்பல்களை இழுக்கும் இழுவைப் படகொன்றின் முன்பக்கத்தில், எதிரே ஏதும் கிடக்கிறதா என்று பார்த்துக் காவல் நிற்பவன். திங்கட்கிழமை விடியற்காலை மழையில் அந்தப் படகு, விளக்கில்லாமல் நங்கூரமிட்டுக் கிடந்த ஆளில்லாத மீன்பிடி வள்ளத்தை இடித்துப் பிளந்துவிட்டது. இன்றைய விசாரணையோடு அவன் வேலையே போகலாம்.

வெளியே போய் அழைத்தான். எழுதுநரிடம் என்ன சொன்னீர்கள் என்று அவள் கேட்க, வள்ளம் ஏதும் கிடக்குதோ என்று முன்னுக்குப் பார்த்துக்கொண்டு நின்றதாகத்தான் சொன்னேன் என்றான்.

"அதுக்கு 'லுக்' எண்டு எழுதவேணும். அவர் 'ஸீ' எண்டு எழுதிப்போட்டார். நீங்கள் வள்ளத்தைக் கண்டுபோட்டுச் சும்மா நிண்ட மாதிரிக் கிடக்கு."

அவன் உள்ளே வந்து அதைச் சொன்னான். இரண்டும் ஒன்றுதானே என்று சலித்துக்கொண்டார் எழுதுநர் பிரகலாதன். விசாரணை அதிகாரி மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வள்ளத்தைக் கண்டால் என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கையை உயர்த்திக் கத்துவேன், கப்டன் பதிலுக்கு ஹோர்ன் அடிப்பார், அதுதான் எங்கள் வழக்கம் என்றான் யேசுரட்ணம்.

அதிகாரி, பக்கத்தில் இருந்த படகுக் கப்டன் கலீலுர் றஹ்மானிடம் திரும்பினார். போன மாதம்தான் லீவு விஷயத்தில் கப்டனும் யேசுரட்ணமும் முட்டிக்கொண்டிருந்தார்கள். யேசுரட்ணம் நிலத்தைப் பார்த்தபடி நின்றான்.

"அண்டைக்கு இவர் கத்தேல்ல, சேர்," என்றார் கப்டன். "வெறும் போத்தல் மிதந்தாலும் தொண்டை கிழியக் கத்துற மனுசன். கத்தேல்லயெண்டால் காணேல்ல. ஆனால் பராக்குப் பார்த்துக்கொண்டு நிக்கேல்ல. முன்னுக்குப் பார்த்தபடிதான் நிண்டவர். அதை நான் கண்டனான்."

மழையில் வள்ளத்தைக் காணாமல் விட்டது குற்றமில்லை, பார்க்காமல் நின்றிருந்தால்தான் குற்றம் என்று அதிகாரி முடித்தார். பிரகலாதன் முணுமுணுத்துக்கொண்டே அந்த வரியை மாற்றி அடித்தார். யேசுரட்ணம் புதிய தாளையும் அனுப்பி, அவளிடமிருந்து 'ஓம்' வந்த பிறகே கையெழுத்து வைத்தான்.

வாசலுக்கு வந்து அவளை அழைத்து, வேலை தப்பியது என்றான். மறுமுனையில் பெருமூச்சொன்று கேட்டது.

"வீட்டு மேசையில சாப்பாட்டுப் பெட்டியை விட்டுட்டுப் போயிருக்கிறியள். அதையும் காணேல்லையோ?"

காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது. நல்ல பசி.