முழு டிஸ்க்கையும் அழிக்கலாமா?

அன்புச்செல்வன் கள்ளக்குறிச்சியில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்துப் பத்து வருஷம் ஆகிறது. வேலையில் கெட்டிக்காரன், வாய்தான் ஓயாது. விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போடு என்று கடைக்கு வந்த ஒருத்தரையும் விடாமல் பெருமை பாடிக்கொண்டிருந்தவனுக்கு இந்த வருஷம் புதுப் பைத்தியம் பிடித்தது: கேம் ஆடுவதற்கென்றே செய்த லினக்ஸ் சிஸ்டம். ஸ்விட்சைப் போட்டால் நேரே கேம்தான். எழுத, படிக்க அதில் வழி தேடித்தான் பிடிக்கவேண்டும்; அது அவனுக்கு ஒரு குறையாகவே படவில்லை.

வெள்ளிமலையிலிருந்து எது ரிப்பேருக்கு வந்தாலும் ஜீப்பில்தான் வரும். சீட்டு கிடையாது, வாய்ச்சொல்தான். அதுவும் வீட்டு ஆம்பளை பெயரில். அன்றைக்கு டிரைவர் பழனி ஒரு சிபியூவை இறக்கி வைத்தான்.

"அருளு வூட்டுதுங்க. ரொம்ப ஸ்லோவா கீதாம். வேகமா ஓடறாப்ல பண்ணச் சொன்னாங்க."

அருள் என்றதும் அன்புச்செல்வனுக்குக் கை பரபரத்தது. ஊருக்கு இறங்கும்போதெல்லாம் கடை வாசலில் நின்று கேம் பார்ப்பவன் ஆயிற்றே! யார் மெஷினைத் தொட்டாலும், "உள்ள இருக்கறத காப்பி எடுக்கணுமா?" என்று போன் போட்டுக் கேட்பது அன்புச்செல்வனின் வழக்கம். அன்று கேட்கவில்லை. அருளை அசத்திவிட வேண்டும் என்ற அவசரம். 'முழு டிஸ்க்கையும் அழிக்கலாமா?' என்று திரைகூடக் கேட்டது. ஆமாம் என்று அழுத்திவிட்டான்.

பெட்டி மலையேறிய மறுநாளே அருளின் அக்கா தமிழ்ப்ரியா அதை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள்.

"இன்னாண்ணா இது, ஆன் பண்ணா கேம் வருது? என் ஃபைலெல்லாம் எங்கண்ணா?"

நாற்பத்திரண்டு குடும்பம். பட்டா இல்லாமல் காட்டோரம் சாமையும் வரகும் விதைக்கிறவர்கள். ஒவ்வொருவரோடும் எல்லை சுற்றி நடந்து, போனில் அளந்து, எட்டு மாதமாக அதில் ஏற்றியிருந்தாள். பட்டா மனு கொடுக்க இன்னும் பன்னிரண்டே நாள்.

"போன்ல இருக்குமே?"

"போன்ல எடமில்லன்னு அழிச்சுட்டேண்ணா. லினக்ஸ் போட்டா பத்திரம், ஒன்னும் ஆவாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

சொன்னவன் மட்டுமல்ல, மூன்று வருஷத்துக்கு முன் அவளுக்கு அதே மெஷினில் லினக்ஸ் போட்டுக் கொடுத்தவனும் அவன்தான். பெட்டியின் பின்னால் அவன் கடை ஸ்டிக்கர் இருந்தது. திருப்பிப் பார்த்திருந்தால் யார் மெஷின் என்று தெரிந்திருக்கும்.

இரண்டு நாள் கடையைச் சாத்திவிட்டு அழிந்த டிஸ்க்கைத் தோண்டித் துருவினான். தேறியது ஏழெட்டுப் பெயர்கள் மட்டும். ஒரு அளவும் இல்லை. பிறகு அவனும் மலைக்குப் பஸ் ஏறினான். விடிந்ததும் கிளம்பி, மேடும் பள்ளமுமாக அவனும் தமிழ்ப்ரியாவும் மறுபடி எல்லை அளந்து நடந்தார்கள். எட்டு நாளில் நாற்பத்தோரு நிலம் முடிந்தது.

மிச்சமிருந்தது வேடியப்பனுடையது. அவர் போன மாதம் இறந்துபோயிருந்தார். பலா மரம் வரைக்கும் தமிழ்ப்ரியாவுக்கு ஞாபகம் இருந்தது. அதற்கு மேல் தெரியவில்லை. வரப்பே இல்லாத சரிவு. அவர் மனைவி செங்கம்மாள் கையை விரித்தாள்.

"எங்க முடியுதுன்னு அவருக்குத்தான் தெரியும். இந்தப் பொண்ணுகூட நடந்து காட்டிட்டாரே, அதான் பொட்டில கீதே?" என்றவள் அன்புச்செல்வனைப் பார்த்தாள். "நீங்க யாருங்க?"

"பொட்டி ரிப்பேர் பண்றவன்மா."

செங்கம்மாள் முகம் தெளிந்தது.

"அப்ப நல்லதாப் போச்சு. நீங்களே எடுத்துக் குடுத்துடுங்க."