செசிலியின் மத்தியானம்

கன்னியர் மடத்தில் லேஸ் பின்னும் ரேந்தை அறைக்குச் செசிலியைத் தலைமையாகப் போட்டபோது எனக்கு வயிறு எரியவில்லை என்று சொன்னால் அது பொய். அவளும் நானும் ஒரே வருஷம் ரேந்தை பழக வந்தவர்கள். ஆனால் கை என்றால் அவள் கைதான். உருண்டைத் தலையணையில் காகிதம் விரித்து, கோலத்துக்குத் தக்கபடி முள் குத்தி, நூல் சுற்றிய குச்சிகளை அவள் மாற்றி மாற்றிப் போட ஆரம்பித்தால் பக்கத்தில் இருப்பவள் தன் வேலையை மறந்துவிடுவாள். அறையைப் பார்த்துக்கொண்டிருந்த ரெஜினாள் அக்கா புருஷனோடு கொழும்புக்குக் கப்பலேறியதும், மடத்துத் தலைவியான மதர் வேறு யாரையும் யோசிக்கவில்லை. அது முப்பத்திரண்டாம் வருஷம். செசிலியின் பிள்ளை பிலோமி அப்போது தவழவில்லை.

பொறுப்பு வந்ததும் செசிலிக்குத் தலைகால் புரியவில்லை. கர்வத்தால் இல்லை, பயத்தால். எங்களில் ஒருத்தி தப்பு செய்தாலும் பழி தன் தலையில் விழும் என்று நினைத்தாள். காலையில் எங்களுக்கு முன்னே வந்து நிற்பாள். சோப்புப் போட்டுக் கை கழுவினோமா என்று ஒவ்வொரு விரலாகப் பார்ப்பாள். யாருக்காவது நூல் சிக்கினால் போதும், “தள்ளு மக்கா” என்று வந்து உட்கார்ந்துவிடுவாள். சிக்கு எடுத்ததோடு விடமாட்டாள், ஒரு சாண் நீளத்துக்கு அவளே போட்டும் தருவாள்.

நாங்கள் என்ன செய்வோம்? தானாக வருகிற கையை வேண்டாம் என்பார்களா? நான் ஜன்னல் வழியே கட்டுமரம் கரையேறுவதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பின்வரிசையில் இருந்தவர்கள் சிக்கு விழாதபோதே சிக்கு என்று கூப்பிடப் பழகிவிட்டார்கள். செசிலியின் சொந்தத் தலையணை மட்டும் துணி மூடியபடி மூலையில் கிடந்தது.

மத்தியானம் கோயில் மணி அடித்தால் எழுந்து நின்று திரிகால ஜெபம் சொல்லிவிட்டு எல்லாரும் வீட்டுக்குச் சாப்பிடப் போவோம். பிள்ளைக்காரிகள் அந்த நேரத்தில்தான் பால் கொடுத்துவிட்டு வருவார்கள். செசிலியின் வீடு கப்பலுக்கு வெளிச்சம் காட்டும் விளக்குமாடத்துக்குக் கீழே, கொஞ்சம் தூரம். அதனால் அவள் நாத்தனார் லீமா பிலோமியைத் தூக்கிக்கொண்டு மடத்து வாசல் பூவரச மரத்தடிக்கு வந்துவிடுவாள். பச்சைப்பிள்ளையை அறைக்குள் கொண்டுவரக் கூடாது, வெள்ளை நூல் கெட்டுவிடும். செசிலி உள்ளேயிருந்து, இதோ வாறேன் என்பாள். அதோடு சரி. காலையில் பாதியில் விட்ட யாருடைய தலையணையோ அவளைப் பிடித்துக்கொள்ளும்.

லீமா பொறுமைசாலி. பிள்ளை அழும், தோளில் போட்டு ஆட்டுவாள். பிறகு ஆட்டுப்பால் புகட்டுவாள், தூங்க வைப்பாள், போய்விடுவாள். முதல் வாரங்களில் அந்த அழுகை கேட்கும்போதெல்லாம் செசிலியின் சட்டை முன்பக்கம் நனைந்துவிடும். முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு வேலை செய்வாள். பெற்றவளுக்குத் தெரியும் அந்த வேதனை. எனக்கும் தெரியும், ஆனாலும் நான் வாய் திறக்கவில்லை. போகப்போகப் பிள்ளை அழுவதும் குறைந்தது, சட்டை நனைவதும் நின்றது.

அந்தச் சமயத்தில்தான் குளச்சல் கோயிலிலிருந்து திருநாளுக்காகப் பீடவிரிப்புக்கு ரேந்தைக் கரை கேட்டிருந்தார்கள். ஆளுக்கொரு துண்டாக ஆறு பேர் போட்டு, கடைசியில் சேர்த்துத் தைக்க வேண்டும். என் துண்டுதான் முதலில் முடிந்தது. முள் இருக்கிறவரை ரேந்தை அடங்கிக் கிடக்கும், முள்ளை எடுத்த பிறகுதான் அதன் குணம் தெரியும். மதர் ஒவ்வொரு முள்ளாக எடுத்து, கறுப்புத் துணிமேல் துண்டை விரித்தார்கள். ஒரு சாண் படிந்து கிடந்தது, அடுத்த சாண் சுருங்கி எழுந்து நின்றது. அப்புறம் மறுபடி படிந்தது, மறுபடி எழுந்தது.

செசிலி நூலை இறுக்கி இழுப்பவள், நான் தளர விடுபவள். இரண்டும் தப்பில்லை. ஒரே துண்டில் இரண்டு கை விழுந்ததுதான் தப்பு. தலையணையில் இருந்த மற்ற ஐந்தும் அப்படித்தான் என்பது எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. மதர் திட்டவில்லை. பிரசங்கத் தமிழில், “திருநாளுக்கு ஒரு மாதம் உண்டு, செசிலி” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்கள்.

செசிலி முகத்தில் ரத்தமே இல்லை. கறுப்புத் துணிமேல் கிடந்த துண்டைச் சுருட்டினாள். பிறகு ஆறு துண்டையும் தானே முதலிலிருந்து போடப்போவதாகவும், மடத்திலேயே ராத்தங்க மதரிடம் கேட்கப்போவதாகவும் சொல்லிவிட்டு என் தலையணையை எடுக்கக் குனிந்தாள். எனக்கு வந்த கோபத்தில் தலையணையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“கையை எடு செசிலி. இது எனக்க துண்டு, நானே போடுவேன். நீ ராத்தங்கி யாருக்கு என்ன ஆகப்போவுது? ஒனக்க சட்டை கடைசியா எப்பம் நனைஞ்சது, சொல்லு.”

அவள் குனிந்து தன் மார்பைப் பார்த்தாள். அதுவரை நினைத்தே பார்த்திருக்க மாட்டாள் என்று நினைக்கிறேன். அப்படியே தரையில் உட்கார்ந்து முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன், திட்டியவள் நான்தான் என்றாலும்.

மறுநாளிலிருந்து அறையின் போக்கு மாறியது. செசிலி காலையில் ஒரு சுற்று, சாயங்காலம் ஒரு சுற்று வருவாள், அவ்வளவுதான். தப்பு கண்டால் விரலால் காட்டுவாள், தொடமாட்டாள். தொடாமலிருக்க அவள் பட்ட பாடு இருக்கிறதே! இரண்டு கையையும் தொடைக்கடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொள்வாள். பின்வரிசைக்காரிகள் பழைய ஞாபகத்தில் கூப்பிட்டுப் பார்த்தார்கள். “நான் சாயங்காலம் வரும்போது பார்க்கிறேன், அதுவரை நீயே எடுத்துப் பாரு” என்று செசிலி சொல்லிவிட்டாள். பாதிச் சிக்கு அதற்குள் எடுபட்டுவிடும். மணி அடித்து ஜெபம் முடிந்தால் முதலில் வாசலைத் தாண்டுவது அவள்தான். நேரம் மிஞ்சியதில் மூலையில் கிடந்த அவள் தலையணையின் துணியும் விலகியது.

ஆனால் பிலோமி குடிக்கவில்லை. மார்பில் வைத்தால் முகத்தைத் திருப்பி லீமாவிடம் தாவினாள். “கொஞ்சம் பொறுங்க மைனி, மறந்துட்டா” என்பாள் லீமா. தப்பு செய்தது தான்தான் என்பதுபோல ஒரு குரல் அவளுக்கு. செசிலி தினமும் போனாள், தினமும் கண் சிவந்து திரும்பினாள். அவள் புருஷன் இஞ்ஞாசி வாய்திறந்து எதுவும் சொல்பவன் இல்லை. கடலில் பால்சுறா பட்டால் விற்காமல் வீட்டுக்குக் கொண்டுவந்து, தானே புட்டு அவித்து அவள் முன்னால் வைப்பானாம். பால் ஊறத்தான். அதைச் சொல்லும்போது மட்டும் அவள் சிரித்தாள்.

திருநாளுக்கு முந்தின வாரம் ஆறு துண்டையும் சேர்த்துத் தைத்து முடித்தோம். குளச்சலிலிருந்து பங்குச் சாமியாரே வாங்கிப்போக வந்திருந்தார். நீள மேசையில் கரையை விரித்தபோது எங்கேயும் சுருக்கம் இல்லை. செசிலி வரட்டும், அவள் கையால் கொடுக்கட்டும் என்றார்கள் மதர். மணி அடித்துக் கொஞ்ச நேரம் ஆகியிருந்தது. கூப்பிட நான் போனேன்.

பூவரசடியில் லீமா ஒதுங்கி நின்றாள், வாயைப் பொத்திக்கொண்டு. செசிலி மரத்தில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். முந்தானைக்குள்ளிருந்து பிலோமியின் கால் மட்டும் தெரிந்தது. சப்புகிற சத்தம் எனக்குக் கேட்டது. செசிலியின் கண்ணீர் தாடைவரை வந்து வழிந்துகொண்டிருந்தது, துடைக்கக் கையை எடுத்தால் பிள்ளை விட்டுவிடுமோ என்று அவள் அசையவில்லை. என்னைப் பார்த்தாள். வரமாட்டேன் என்று கண்ணாலேயே சொன்னாள்.

நான் திரும்பிப் போய் வாசலில் நின்றேன்.

“இப்பம் வர முடியாது மதர். பிள்ளை குடிக்குது.”

மதர் சாமியாரைப் பார்த்தார்கள். சாமியார் தொப்பியைக் கழற்றி மேசையோரத்தில் வைத்துவிட்டு, ஒரு ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தார். நாங்கள் எல்லாரும் செசிலிக்காகக் காத்துக்கொண்டிருந்தோம்.